கம்பி போடாத கூரை

ரோம் நகரத்துக் கொலோசியத்தில் அப்பா அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. "இடிஞ்சு கெடக்குறதைப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்தோம்?" என்று பாதியிலேயே கிளம்பிவிட்டார். 30 வருஷத்துக்கு மேல் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். முழுசாக நிற்கிற கட்டடமாகக் காட்டுவோம் என்று மறுநாள் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன்.

டிக்கெட் அப்போது 5 யூரோ. 2023 ஜூலைக்கு முன்பு வந்திருந்தால் அதுவும் இல்லை. வரிசையில் நிற்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. எங்கிருந்தோ குடை விற்பவர்கள் முளைத்தார்கள். நான் வாங்கிய குடை வாசல் போவதற்குள் மேல்பக்கமாக மடங்கிப் பூவாகிவிட்டது.

முகப்பில் 16 தூண்கள். ஒவ்வொன்றும் ஒரே கல், கிட்டத்தட்ட 12 மீட்டர் உயரம், 60 டன் எடை. எகிப்தில் வெட்டி, நைல் நதியில் இறக்கி, கடல் தாண்டி வந்தவை. அப்பா உள்ளங்கையால் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். மேலே பெரிய எழுத்தில் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டியது என்று பொறித்திருக்கிறது. உண்மையில் அவர் கட்டியது எரிந்துபோனது. இப்போது நிற்பது பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், சுமார் கி.பி. 126-இல் முடிந்தது. பழைய ஆளின் பெயரையே போட்டுவிட்டார் மனுஷன்.

உள்ளே நுழைந்தால் உள்ளேயும் மழை!

குவிமாடக் கூரையின் நடு உச்சியில் 9 மீட்டர் அகலத்துக்குக் கண் மாதிரி ஒரு திறப்பு. கண்ணாடி, மூடி எதுவும் கிடையாது. அதன் வழியாக மழை ஒரு தூண் போல நேராக இறங்கிக்கொண்டிருந்தது. கீழே நனையும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். எல்லோரும் கழுத்து வலிக்க மேலே பார்க்க, அப்பா மட்டும் குத்தவைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாட்டம் பாரும்மா."

அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. தரை நடுவில் லேசாகப் புடைத்து, ஓரம் நோக்கிச் சரிகிறது. பளிங்குக் கல்லில் விரல் நுழையும் அளவுக்குச் சின்னச் சின்னத் துளைகள், மொத்தம் 22. தண்ணீர் சுழித்து அதற்குள் சத்தமில்லாமல் இறங்கியது.

கூரையைப் பற்றிக் கைபேசியில் படித்துச் சொன்னேன். விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிக்கும் அதே அளவு. மொத்தமும் கான்கிரீட்.

"கம்பி?"

"கம்பியே கிடையாதுப்பா."

"சும்மா சொல்லாத."

கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றுவரை உலகத்திலேயே பெரியது இதுதான். சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பல் சேர்த்த கலவை. கீழ்ப்பகுதியில் கனமான கல், செங்கல் ஜல்லி. மேலே போகப் போக லேசானது, உச்சியில் தண்ணீரில் மிதக்கிற நுரைக்கல். கனமும் அடியில் சுமார் 6 மீட்டர், உச்சியில் ஒன்றேகால்தான். உள்பக்கம் வரிசைக்கு 28 வீதம் 5 வரிசையாகச் சதுரக் குழிகள். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். "எடையைக் குறைச்சிருக்கான்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "சென்ட்ரிங்கை என்னைக்குப் பிரிச்சிருப்பான்?" என்று கேட்டார். கான்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கி நிற்கிற பலகை, முட்டுகளைத்தான் சொல்கிறார். எனக்கு எங்கே தெரியும்!

நான் பார்க்க ஆசைப்பட்டது 1520-இல் இறந்த ஓவியர் ராஃபேலின் கல்லறையை. அதற்கு இரண்டு நிமிஷம்தான் கிடைத்தது. 609-இல் தேவாலயமாக மாற்றியதால்தான் இந்தக் கட்டடம் தப்பிப் பிழைத்தது. அப்படியும் 17-ஆம் நூற்றாண்டில் ஒரு போப் முகப்பின் வெண்கலத்தைக் கழற்றி உருக்கிவிட்டார். பெரும்பகுதி பீரங்கியாகிப் போனது.

அன்று அப்பா எடுத்தது ஒரே ஒரு படம். கயிற்றுக்கு மேல் கையை நீட்டி அந்த வடிகால் துளையை எடுத்தார். ராத்திரி அதை ஊரில் இருக்கும் பழைய கூட்டாளிகளின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டு, கம்பி கிடையாது, 1,900 வருஷம் ஆகிறது என்று குரல்பதிவும் அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் முதல் பதில் வந்தது.

"அண்ணே, சென்ட்ரிங்கை எப்பப் பிரிச்சாங்களாம்?"