எக்ஸ்கேசிடி இப்போதும் சிரிக்க வைக்கிறதா?

"புதுசா வர்றதுல பழைய சிரிப்பு இல்லை"ன்னு எக்ஸ்கேசிடி (xkcd) என்ற இணைய காமிக்ஸைப் பற்றி நண்பர்களுக்குள் மறுபடியும் சண்டை. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2005-லிருந்து ராண்டல் மன்ரோ குச்சி மனிதர்களை வரைந்துகொண்டே இருக்கிறார், பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று. எல்லாமே வயிறு வலிக்கச் சிரிக்க வைக்காதுதான். ஆனால் 2020-இல் வந்த அந்தப் படம்! கட்டை மேல் கட்டையாக ஒரு கோபுரம், அதுதான் இன்றைய டிஜிட்டல் உலகம். அடியில் ஓரமாக, ஒல்லியாய் ஒரே ஒரு கட்டை: நெப்ராஸ்காவில் யாரோ ஒருவர் 2003-லிருந்து ஒரு நன்றிகூட வாங்காமல் பராமரிக்கும் மென்பொருள் ப்ராஜெக்ட். சிரித்து முடிப்பதற்குள் நெஞ்சு கனத்துவிட்டது. அப்படிப்பட்ட ஒருவர் எழுதிய மென்பொருளை நம்பித்தானே நானும் தினமும் வேலை செய்கிறேன்!

இன்னொன்று, படத்தின் மேல் மவுஸை வைத்தால் ஒரு வரி வரும். அதைப் படிக்காமல் 'சுமார்' என்று சொல்லாதீர்கள், ப்ளீஸ். பல நாள் பாதிச் சிரிப்பு அங்கேதான் இருக்கிறது.