ஒரே ஒரு ஸ்டெப்னி

ஆகஸ்ட் 9, வைட்ஹார்ஸ், கனடா

வண்டி கிடைத்துவிட்டது. வடக்கே ஆர்க்டிக் பக்கம் போகும் சரளைச் சாலையான டெம்ப்ஸ்டர் சாலை என்று சொன்னதுமே மற்ற இடங்களில் கையை விரித்தார்கள். இவர்கள் மட்டும் சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டெப்னி இரண்டு தருவதாகப் பேச்சு. பின்கதவைத் திறந்தால் ஒன்றுதான் இருக்கிறது. கேட்டதற்கு, எல்லாரும் ஒன்றோடுதான் போகிறார்கள் என்றான் அந்தப் பையன். எல்லாரும் என்றால் யார்?

அப்பாவுக்கு ஆக்சிஜன் அளவு 94.

ஆகஸ்ட் 10, டாசன்

530 கிலோமீட்டர். லபார்ஜ் ஏரியைத் தாண்டியதும் அப்பா தூங்கிவிட்டார். ஃபைவ் ஃபிங்கர் ராப்பிட்ஸில் எழுப்பினேன். யூக்கான் ஆறு அங்கே பாறைத் திட்டுகளில் மோதி ஐந்தாகப் பிரிகிறது. அந்தக் காலத்தில் எதிர்நீரில் வந்த நீராவிப் படகுகளைக் கம்பிவடம் கட்டி இழுத்தார்களாம். கீழே இறங்க நிறையப் படிகள். அப்பா படிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேலேர்ந்தே நல்லா தெரியுதே" என்றார். சரி என்றேன். நானும் இறங்கவில்லை.

டாசன் நெருங்கும்போது சாலையோரம் முழுக்கக் கூழாங்கல் மேடுகள். பெரிய புழு ஊர்ந்து போன தடம் மாதிரி வளைந்து வளைந்து போகின்றன. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "டம்ப்பு." இரண்டு மணி நேரத்தில் அவர் பேசிய ஒரே சொல். எங்கள் ஊரான கோலார் தங்கவயலின் சயனைடு கழிவுமேடு போல வெளுப்பாக இல்லை, இது வெறும் கல். ஆனால் கழிவுமேட்டைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளும் கண் அவருக்கு இருக்கிறது.

ஆகஸ்ட் 11, டாசன்

தார் போடாத தெரு, பலகை நடைபாதை. மூன்றாம் அவென்யூவில் இரண்டு பழைய மரக் கட்டடங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அடியில் நிரந்தரமாக உறைந்த மண். மேலே அடுப்பு மூட்டி ஆள் குடியிருந்தால் கீழே உருகி அஸ்திவாரம் இறங்கிவிடுகிறது. எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்பா பக்கவாட்டில் போய்க் குனிந்து, எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று கைத்தடியால் எனக்குக் காட்டினார். எங்கள் ஊர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர்மேனாக, அதாவது மர முட்டுக் கொடுப்பவராக இருந்தவர். இருபது நிமிடம். ஒரு இருமல்கூட இல்லை.

அண்ணன் போன் செய்தான். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 12, டாசன்

பொனான்ஸா ஓடைக்குப் போனோம். முன்னாளில் முயல் ஓடை என்று பெயராம். 1896 ஆகஸ்டில் ஸ்கூகம் ஜிம், டாசன் சார்லி, ஜிம்மின் அக்கா தங்கை யாரோ ஒருத்தியான கேட், அவள் புருஷன் ஜார்ஜ் கார்மாக் என்று ஒரு குடும்பமாகத்தான் அங்கே இருந்திருக்கிறார்கள். தங்கத்தை முதலில் கண்டது யார் என்று இன்றைக்கும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. சேதி வெளியுலகம் போய்ச் சேர அடுத்த வருஷம் ஜூலை ஆகிவிட்டது. அப்புறம் ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள். எல்லையில் போலீஸ் ஒரு வருஷச் சாப்பாடு இருந்தால்தான் உள்ளே விடும். ஒரு டன் மூட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சில்கூட் கணவாய் மேலே சுமந்து, இறங்கி, மறுபடி சுமந்து, 1898-ல் வந்து சேர்ந்தால் நல்ல ஓடையெல்லாம் ஏற்கெனவே அளந்து முளை அடித்தாகிவிட்டது. "லேட்டா வந்தவனுக்குக் கூலி வேலைதான்" என்றார் அப்பா.

நான்காம் எண் டிரெட்ஜ் இன்னும் அங்கேயே நிற்கிறது. 1912-ல் கட்டிய, எட்டு மாடி உயரத்தில் ஒரு மரக் கப்பல். தான் தோண்டிய குட்டையிலேயே மிதந்துகொண்டு முன்னால் மண்ணை வாரி, பின்னால் கல்லைத் துப்பிக்கொண்டே 1959 வரை வேலை செய்திருக்கிறது. நேற்று முன்தினம் பார்த்த புழுத்தடம் இந்த மாதிரி டிரெட்ஜ்கள் போட்டதுதான். கரண்டில் ஓடியதாம், ஆற்றிலிருந்து எடுத்த மின்சாரம். அப்பா உடனே, "நம்ம ஊருக்கு 1902-லயே சிவசமுத்திரத்துலேர்ந்து கரண்ட் வந்தாச்சு, சொல்லு" என்றார். வழிகாட்டிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள்.

அரிக்கவும் விட்டார்கள். தட்டில் மண்ணும் தண்ணீரும். அம்மா அரிசியில் கல் அரிப்பதுபோல அப்பா ஒரு சுற்று சுற்றினார், கனமானது அடியில் தங்கியது. இரண்டு பொடிப் புள்ளி. எனக்குத் தெரியவே இல்லை, அவர் நகத்தால் காட்டினார். "இது மைனிங்கே இல்ல, அரிசி களையறது" என்றார். ஆனால் உறைந்த மண்ணில் தோண்டிய கதையை மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். ராத்திரி விறகு மூட்டி எரிப்பார்கள், காலையில் இளகின மண்ணை அள்ளுவார்கள், மறுபடி நெருப்பு. பாறை தட்டும்வரை இப்படியே. சுவர் உறைந்தே இருப்பதால் முட்டு வேண்டியதில்லை.

"முட்டே இல்லையா?"

வண்டியில் ஏறிய பிறகும் கேட்டார்.

இரவு 91.

ஆகஸ்ட் 13

போகலாமா வேண்டாமா. போகலாம் என்கிறார். பெட்ரோல் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 14, ஈகிள் பிளெய்ன்ஸ்

டூம்ப்ஸ்டோன் மலைகள் வரை சந்தோஷமாக இருந்தோம். புதரெல்லாம் இப்போதே சிவக்க ஆரம்பித்துவிட்டது. இங்கே ஆகஸ்டிலேயே இலையுதிர்காலம். உறைந்த மண் உருகாமல் இருக்க, சாலையைக் கனத்த சரளை மெத்தை மேல் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அதனால் ஓரத்தில் இறங்கினால் வண்டி கவிழும். நடுவிலேயே ஓட்டினேன். எதிரே ஒரு லாரி வந்தால் பத்து நிமிடத்துக்குத் தூசி. ஜன்னல்களை ஏற்றி, மாஸ்க் போடச் சொல்லி, ஏசியை உள்காற்றில் வைத்து, அப்படியும் டாஷ்போர்டில் விரலால் எழுதலாம்.

ஒரு ஓடை துருச்சிவப்பாக ஓடுகிறது, கந்தக வாடை. "வெடி வச்ச மறுநாள் வாசனை" என்றார் அப்பா. ஆசையாக மூச்சிழுத்தார். கண்ணாடியை ஏற்றினேன்.

ஓகில்வி ஆற்றுக்கு அப்புறம் பஞ்சர். கூர்மையான கல், டயரின் பக்கவாட்டிலேயே கிழித்துவிட்டது. லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து மாற்றிக் கொடுத்தார், பெயர்கூடச் சொல்லவில்லை. இங்கே கராஜில் காட்டினேன். பக்கவாட்டுக் கிழிசலுக்கு ஒட்டுப் போட முடியாது, அந்த அளவில் டயரும் இல்லை.

ஆக ஸ்டெப்னி பூஜ்யம்.

ஆகஸ்ட் 15

மழை. வடக்கே சாலை அரித்துவிட்டது, பீல் ஆற்றில் ஃபெர்ரி நிறுத்தம். கேட்டை இறக்கிவிட்டார்கள். "இன்னைக்கு சுதந்திர தினம்" என்று அப்பா சட்டையை மாற்றிக்கொண்டார்.

அப்பாவின் மருத்துவ ரிப்போர்ட் இன்றைக்கு வந்திருக்க வேண்டும். இங்கே செல்போன் கிடையாது.

ஆகஸ்ட் 16

தெற்கேயும் கேட். 92. 92. 90. 92.

ஆகஸ்ட் 17

ஹோட்டல் சுவர் முழுக்கப் பழைய படங்கள். நாலு போலீஸ்காரர்களின் கதை. 1910 டிசம்பரில் ஃபோர்ட் மக்ஃபர்சனிலிருந்து டாசனுக்கு நாய் வண்டியில் தபாலோடு கிளம்பினார்கள். தலைவர் ஃபிட்ஸ்ஜெரால்ட். க்விச்சின் என்ற அந்தப் பக்கத்துப் பழங்குடி வழிகாட்டியை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார், கூட வந்த நால்வரில் ஒருவரான கார்ட்டருக்கு வழி தெரியும் என்று நம்பி. கார்ட்டரால் ஒரு ஓடையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்றே ஒன்று, ஃபாரஸ்ட் ஓடை. நாள்கணக்காகத் தேடிவிட்டு ஜனவரி நடுவில்தான் திரும்பினார்கள். வழியில் நாய்களைத் தின்றார்கள். நாலு பேரும் பிழைக்கவில்லை. கிளம்பிய இடத்துக்கு எவ்வளவோ கிட்டே வந்துவிட்டார்கள். தேடிப் போய்க் கண்டெடுத்தவர் டெம்ப்ஸ்டர். சாலைக்கு அவர் பெயர்தான்.

ஃபிட்ஸ்ஜெரால்ட் நாட்குறிப்பு வைத்திருந்தார். கார்ட்டர் பேச்சை நம்பியிருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார். பிப்ரவரி 5-க்கு அப்புறம் இல்லை.

எனக்கு அந்தத் தேடிய நாள்கள்தான் ஓடிக்கொண்டே இருக்கின்றன. முதல் நாளே திரும்பியிருந்தால் சாப்பாடு போதியிருக்கும். ஆனால் முதல் நாளில் யார் திரும்புவார்கள்? அடுத்த வளைவில் ஓடை இருக்கலாம் என்று தோன்றும். எனக்கு டாசனிலேயே 91 தெரியும். அப்போதே தெற்கே திரும்பியிருந்தால் இந்நேரம் வைட்ஹார்ஸில், போன் கையில், பெரிய ஆஸ்பத்திரி பத்து நிமிடத்தில். எந்தத் தூசியும் இவருக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாதா? அண்ணன் கேட்கப்போவது இதைத்தான். அப்பா கேட்டார், அதனால் வந்தோம் என்று சொல்வேன். அப்பா ஒரு முறைதான் கேட்டார். மீதி முறையெல்லாம் நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

மாலையில் அப்பா அதே படங்களைப் பார்த்துவிட்டு வந்தார். "வழி தெரிஞ்சவனைத் திருப்பி அனுப்பிட்டானே, மடையன்."

ஆகஸ்ட் 18

கராஜ்காரரிடம் மறுபடி டயர் கேட்டேன். நான் வருவதைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார்.

மழை நின்றுவிட்டது. 93. கஞ்சி குடித்தார். இரவு பூராவும் இருமல்.

ஆகஸ்ட் 19

யூக்கானுக்கு இன்று லீவு, தங்கம் கண்ட நாள். காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டிச் சொன்னார்கள், இரண்டு பக்கமும் கேட் திறந்தாகிவிட்டது. தெற்கே முக்கியச் சாலை வரைக்கும் 369 கிலோமீட்டர். வடக்கே ஆர்க்டிக் வட்டக் கோடு வெறும் 36.

எந்தப் பக்கம் என்று அப்பாவிடம் கேட்டேன். ஷூ மாட்டிக்கொண்டே, ஸ்டெப்னி இருக்கா என்றார்.