வீட்டுக்கு மண்ணடிக் குழாய்க் குளுமை: போடறதுக்கு முன்னாடி

வெளிக்காத்தை மண்ணுக்கடியில பதிச்ச குழாய் வழியா ஃபேன் வெச்சு இழுத்து, சூட்டை மண்ணுக்குக் குடுத்துட்டு வீட்டுக்குள்ள விடறதுதான் இந்தக் குளுமை. கோயமுத்தூர், ஈரோட்டுப் பக்கம் பத்தடி ஆழத்துல மண்ணோட சூடு வருசம் பூரா 27, 28 டிகிரியை ஒட்டியே நிக்கும். சித்திரை மத்தியானம் வெளிய 38. இந்த வித்தியாசம்தானுங்க மூலதனம்.

6 அங்குலப் பிவிசி குழாய், 100 அடி நீளம். மூணடியில பதிச்சா வெயில் அங்கயே எறங்கிரும், காசு வீண். பொக்லைன் ஆறடியில பாறை தட்டிருச்சுன்னா அந்த இடத்தை விட்டுருங்க, வெடி வெச்சுப் பதிக்கறது கட்டுபடியாகாது.

வாட்டம் முக்கியம்: 100 அடிக்கு 2 அடி எறக்கம், கடைசியில தண்ணி சேர ஒரு தொட்டி. நம்மூர்ல காத்துல இருக்கற ஈரம் குழாய்க்குள்ள வேர்த்துத் தண்ணியாகறது அபூர்வம். மழையில ஜாயின்ட் வழியா கசியற தண்ணிதான் தேங்கிப் பூஞ்சை புடிக்கும், வீடு பூரா ஈரவாடை அடிக்கும். வாயில கம்பிவலை போடலைன்னா எலி, பின்னாலயே பாம்பு.

இனி கணக்கு. ஃபேன் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்துல இழுத்து, 38-ஐ 30 ஆக்கினாலும் கெடைக்கறது அரைக் கிலோவாட் குளுமை. ஒரு டன் ஏசி 3.5. ஏசியைக் கழட்டிரலாம்னு எவராச்சும் சொன்னா நம்பாதீங்க.

செம்மண் காஞ்சு கெடந்தா சூட்டை வாங்காது. குழாய்க்கு மேல சொட்டுநீர் ஒரு வரிசை ஓட்டுங்க. ராத்திரி வெளிக்காத்து 25-க்கு எறங்கிட்டா ஃபேனை நிறுத்திட்டு சன்னலைத் தொறந்துருங்க.