வாசல் நிலையை மட்டும் பழைய வீட்டிலிருந்து எடுத்தேன்

பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டுக்குப் பதினொரு பங்கு. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். அதில் ஆத்தா மட்டும் தனியாக இருந்தார். கழிப்பறை பின்கட்டில்தான். ஒரு ராத்திரி படி தடுக்கி விழுந்ததும், பின்னால் நம் பங்குக்கு வரும் 5 சென்ட் இடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். எனக்கு வேலை சென்னையில். எட்டு மாதம் கொத்தனார் பின்னால் நிற்க முடியாது. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் வீடு மூன்றே மாதம் என்றார்கள், சரி என்று இறங்கினேன்.

இதில் இரண்டு வகை இருப்பதே எனக்குத் தெரியாது. ஒன்று, முழுப் பெட்டியாகவே வருவது. இன்னொன்று, இரும்புச் சட்டமும் சுவர்ப் பலகையும் தனித்தனியாக லாரியில் வந்து இடத்தில் பூட்டுவது. முதலில் பெட்டிக்குத்தான் ஆசைப்பட்டேன். சாதாரண கன்டெய்னர் 8 அடி அகலம். அதில் கட்டில் போட்டால் நடக்க இடமில்லை. 10 அடி அகலத்தில் செய்தால், சாலையில் சாதாரணமாகப் போகக்கூடிய 2.6 மீட்டரைத் தாண்டிவிடும், தனி அனுமதி வேண்டும். அதையும் வாங்கிவிடலாம். ஆனால் எங்கள் பின்பக்கச் சந்தில் டிரெய்லர் திரும்பாது, கிரேன் கையைத் தூக்கினால் மின்கம்பி. செட்டிநாட்டுத் தெரு அகலமாயிற்றே என்று நினைத்துக்கொண்டு சந்தை அளக்காமலே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்! முன்பணம் கொடுப்பதற்கு முன் தொழிற்சாலை ஆளை வரவழைத்து வழியைக் காட்டியது நல்லதாகப் போயிற்று. பெட்டியை விட்டுவிட்டுப் பூட்டும் வகைக்கு மாறினோம்.

விலைக்கு வருகிறேன். சதுர அடி 1,850 ரூபாய் என்றார்கள். முடிந்தபோது எனக்கு 2,700-ஐத் தொட்டது. ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், நான்தான் கேட்கவில்லை. 18 சதவீத ஜிஎஸ்டி தனி. அடித்தளம், லாரி வாடகை, இறக்கும் கூலி, செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, வாசல் படி, மின் இணைப்பு, எதுவும் அந்த 1,850-இல் கிடையாது. அப்புறம் 600 சதுர அடி என்பது வெளி அளவு. 30-க்கு 20, சுவர் அரை அடி. உள்ளே அளந்தால் 551. எது யார் செலவு என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

வங்கிக் கடன் கதை இன்னும் வேடிக்கை. கட்டடம் வளர வளரத்தான் பணம் விடுவார்கள். "லிண்டல் வந்தாச்சா?" என்று கேட்டார் அதிகாரி, அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் பட்டை. என் வீடு அப்போது சென்னைக்கு வெளியே ஒரு கொட்டகையில் கம்பியாகக் கிடந்தது, இடத்தில் வெறும் செம்மண். தொழிற்சாலைக்காரர்களோ பொருள் கிளம்பும் முன்பே 90 சதவீதம் கேட்டார்கள். கடைசியில் சேமிப்பும் ஆத்தாவின் நகைமேல் கடனும்தான் கைகொடுத்தன.

"ஷெட்டு மாதிரிதானே, அனுமதி எதற்கு?" என்றார் ஒரு பங்காளி. அடித்தளத்தில் போல்ட் போட்டு நிறுத்தினால் அது கட்டடம்தான். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். அது சுலபம். அதற்கு முன் பாகப்பிரிவினைப் பத்திரமும் தனிப் பட்டாவும் வாங்கியதுதான் பாடு. பதினொரு பங்கின் கையெழுத்தைச் சேர்க்க, வீடு தயாரானதைவிட அதிக நாள் ஆனது.

அடித்தளத்தை உள்ளூர்க் கொத்தனாரிடம் விட்டேன். நல்ல வேலைக்காரர். ஆனால் அரை அங்குலம் கூடக் குறைய இருந்தால் பூச்சில் சரிசெய்து பழகியவர். இங்கே பூச்சே கிடையாது, தொழிற்சாலைச் சட்டத்தின் துளைக்குள் தரையிலிருக்கும் போல்ட் நுழைய வேண்டும். மூலைக்கு மூலை அளந்தபோது இரண்டு மூலைவிட்டத்துக்கும் ஒன்றரை அங்குலம் வித்தியாசம். லாரி வந்து நிற்கிறது. நான்கு போல்ட்டை அறுத்துவிட்டுப் புதிதாகத் துளைபோட்டு, போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் கெமிக்கல் ஊற்றி நட்டார்கள். இரண்டு நாளும் கொஞ்சம் பணமும் போயின. மூலைவிட்டத்தைத் தொழிற்சாலை ஆளே வந்து அளந்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பொருள் கிளம்ப வேண்டும் என்று முன்பே கேட்டிருக்கலாம்.

பூட்டும் வகையில் எனக்கு ஒரு லாபம், தரை நம்முடையது. கான்கிரீட் தளத்தின்மேல் ஆத்தங்குடிக் கல் பதித்தோம். பெட்டி வீட்டின் பலகைத் தரையில் அத்தனை கனமான கல்லைப் பதித்துச் சாலையில் கொண்டுவந்தால் விரிசல்தான்.

வரைபடத்தைப் பார்த்த ஆத்தா கேட்ட ஒரே கேள்வி: "ஏம்ப்பா, இதுக்கு நிலையே இல்லையா?" இரும்புச் சட்டக் கதவுதான் இருந்தது. பழைய வீட்டில் எங்கள் பங்கில் சும்மா கிடந்த ஒரு பர்மா தேக்கு நிலையை அளந்து அனுப்பினேன், அதற்கேற்ற இடைவெளி விட்டுச் சட்டத்தை அடித்துத் தந்தார்கள். கூடவே அப்பச்சியின் பெரிய படம், சாமி அலமாரி எங்கெங்கே மாட்டுவோம் என்று குறித்துக் கொடுத்தேன். உள்சுவர் ஜிப்சம் பலகை, பின்னால் சூட்டைத் தடுக்கும் பாறைக்கம்பளி (ராக்வூல்). ஆணி அடித்தால் கனம் தாங்காது. குறித்த இடங்களில் மட்டும் பின்னால் பிளைவுட் வைத்தார்கள். ஊஞ்சலைச் சொல்ல மறந்துவிட்டேன். இனிமேல் மாட்ட வழியில்லை.

பூட்டி முடிக்கப் பன்னிரண்டு நாள். பத்து சதவீதத்தை முதல் ஐப்பசி மழை தாண்டித்தான் தருவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தேன். நான் செய்த ஒரே சாமர்த்தியம் அதுதான். மழையில் ஜன்னல் ஓரம் கசிந்தது. போன் செய்த நான்காம் நாள் ஆள் வந்து சீலன்ட் அடித்துச் சரிசெய்தார். மீதியைத் தை பிறந்து அனுப்பினேன்.

வெயிலுக்குத்தான் இன்னும் முழுத் தீர்வில்லை. பாறைக்கம்பளி இருந்தும், நான்கு அடி தாழ்வாரம் இறக்கியும், சித்திரை மத்தியானம் ஏசி இல்லாமல் உள்ளே உட்கார முடியாது. ஆத்தா சாப்பிட்டதும் பாய் தலையணையோடு பழைய வீட்டு வளவு முற்றத்துக்குப் போய்விடுகிறார். வெயில் தாழ்ந்த பிறகுதான் திரும்புவார்.