வைட்சாப்பலில் தேடினேன், மைல் எண்டில் கிடைத்தார்

என் மேசை இழுப்பறையில் மூன்று இறப்புச் சான்றிதழ்கள் கிடக்கின்றன. ஒருவர் ரொட்டிக்கடைக்காரர், ஒருவர் மாலுமி, ஒருவர் யாரோ வக்கீலின் குமாஸ்தா. மூவருக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மூன்றுக்கும் காசு கட்டியது நான்.

என் மாமனார் கிழக்கு லண்டன்காரர், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய கொள்ளுத்தாத்தா எப்படிச் செத்தார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். ‘கப்பலில் போனவர் திரும்பவில்லை’ என்பது வீட்டில் சொல்லிவந்த கதை. ஆனால் 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆள் கரையில்தான் இருக்கிறார். மனைவியை இழந்தவர், துறைமுகக் கூலி, இருப்பிடம், ஏழைகளைக் கவனிக்கப் பல பகுதிகள் சேர்ந்து அமைத்த வைட்சாப்பல் யூனியன் என்ற நிர்வாகத்தின் வொர்க்ஹவுஸ். உழைத்தால்தான் சோறு என்று ஏழைகளை அடைத்துவைத்த அதே விடுதிதான். சார்லி சாப்ளின்கூடச் சின்ன வயதில் லாம்பெத் வொர்க்ஹவுஸில் இருந்தவர்தான்.

வைட்சாப்பல் என்று எழுதியிருக்கிறதே, வைட்சாப்பல் பதிவு மாவட்டத்தில்தானே சாவு பதிவாகியிருக்கும்? அப்படி நினைத்துத்தான் மூன்று முறை ஏமாந்தேன். அவர் பெயரோ தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் வயது கிட்டத்தட்ட ஒத்துப்போனவர்களையெல்லாம் வரவழைத்தேன். மாலுமியின் சான்றிதழ் வந்த அன்று, கப்பல் கதை உண்மைதான் போலிருக்கிறது என்று மாமனாரிடம் வேறு சொல்லிவிட்டேன். அப்புறம் பார்த்தால் அந்த மனிதருக்கு மனைவி உயிரோடு இருக்கிறார்.

சரி, நேரிலேயே போய்விடலாம் என்று அரை நாள் லீவு போட்டு ஒரு காப்பகத்துக்குப் போனேன். முகவரிச் சான்று கேட்டார்கள். கைபேசியில் காட்டினேன், செல்லாது என்றார்கள். நம்மூர் தாலுகா ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. மறுவாரம் காகிதத்தோடு போனேன். நான் கேட்ட பதிவேடு வெளியே வேறொரு கிடங்கில் இருக்கிறதாம், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டுமாம். அப்போது சாவுப் பதிவைப் பற்றிக் கேட்டேன். “அட்டவணையில் இல்லையென்றால் இல்லை” என்று சொல்லிவிட்டு அந்த ஊழியர் திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

பக்கத்து மேசையில் மைக்ரோஃபிலிம் உருட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் கேட்டார்: “அந்தக் கட்டிடம் எந்த இடத்தில் இருந்தது, பார்த்தீர்களா?”

பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பழைய வரைபடத்தை எடுத்தால், வைட்சாப்பல் யூனியன் நடத்திய வொர்க்ஹவுஸ்களில் ஒன்று மைல் எண்டில், சவுத் குரோவ் என்ற தெருவில் நிற்கிறது. மைல் எண்ட் ஓல்ட் டவுன் தனிப் பதிவு மாவட்டம். யார் சோறு போட்டார்கள் என்பது கணக்கில்லை, எந்த மண்ணில் உயிர் போனது என்பதுதான் கணக்கு. மாவட்டத்தை மாற்றித் தேடினேன், பத்து நிமிடத்தில் ஆள் கிடைத்துவிட்டார்.

கிடைத்த சான்றிதழிலும் வயது ஆறு கூடியிருந்தது, குடும்பப் பெயரில் ஒரு எழுத்து அதிகம். தகவல் கொடுத்தவர் விடுதி அலுவலர். பெற்ற பிள்ளையா பக்கத்தில் இருந்தது, சரியாகச் சொல்ல? காரணம் காசநோய். அந்தக் காலத்துக் கையெழுத்தில் அந்த ஒரு வார்த்தையைப் படிக்கவே ஒரு சாயங்காலம் போயிற்று. நீங்கள் தேடுவதானால் வயதில் ஐந்தாறு ஆண்டு முன்பின் விட்டுத் தேடுங்கள். இன்னொன்று, 1904 முதல் பிறப்புச் சான்றிதழில் வொர்க்ஹவுஸ் என்று எழுதாமல் வெறும் தெருவும் கதவு எண்ணும் போடும் வழக்கம் வந்தது, பிற்பாடு இறப்புக்கும் அது பரவியது. சாதாரண வீட்டு விலாசம் மாதிரி இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அந்த எண்ணில் என்ன கட்டிடம் இருந்தது என்று பாருங்கள்.

காப்பகத்தில் விடுதியின் சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடவும் வேண்டாம். ஒவ்வொருவரும் எந்த மதம் என்று குறித்துவைத்த தனிப் பதிவேடு உண்டு. குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி பிரித்து, அதற்குள் தேதிவாரியாக எழுதியிருப்பார்கள். காப்பகத்துக்குள் பேனா விடமாட்டார்கள், குறிப்பெடுக்கப் பென்சில்தான். எங்கள் ஆளுடைய வரியில் ‘நெருங்கிய உறவு’ என்ற கட்டத்தில் ‘மகன்’ என்று போட்டு ஸ்டெப்னியில் ஒரு விலாசம் இருந்தது. நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். அந்த மகன்தான் என் மாமனாரைத் தோளில் தூக்கித் திரிந்த தாத்தா. கப்பல் கதையைச் சொன்னவரும் அவர்தான். மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னபோது ஒன்றும் பேசவில்லை, தேநீர் போட எழுந்து போய்விட்டார்.

அடக்கம் செய்த பதிவைத் தேடும்போதுதான் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு படபடத்தது. 1832-இன் உடற்கூறியல் சட்டப்படி, யாரும் கேட்டு வராத உடலை மருத்துவப் பள்ளிக்குக் கொடுத்துவிடலாம். அப்படிப் போயிருந்தால் அடக்கம் பல வாரம் தள்ளிப்போயிருக்கும். சாவு நடந்த வாரத்தை மட்டும் தேடிவிட்டுக் கைவிடக்கூடாது என்பது இதனால்தான். எங்கள் ஆளை ஐந்தாம் நாளே புதைத்திருக்கிறார்கள். டவர் ஹாம்லெட்ஸ் கல்லறைத் தோட்டம், பலரை ஒன்றாகப் போடும் பொதுக்குழி. எங்கள் ஊரில் கோவிந்தா கொள்ளி என்போமே, ஏறக்குறைய அது. ஆனாலும் எனக்கு அப்பாடா என்றிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமனாரை அங்கே கூட்டிப்போனேன். 1966-லேயே புதைப்பதை நிறுத்திவிட்டார்கள், இப்போது மரமும் புதருமாக ஒரு பூங்கா. வாசல் இருக்கும் தெருவின் பெயர்ப்பலகையில் சதர்ன் குரோவ் என்று இருந்தது. பழைய சவுத் குரோவ்தான். விடுதியும் குழியும் ஒரே தெரு. பொதுக்குழிக்கு ஏது கல், எங்கே நிற்பது என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன். மாமனார் ஒரு முட்புதரைக் காட்டினார். “இங்கே நாங்கள் பிளாக்பெர்ரி பறிப்போம்” என்றார். “தாத்தாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் தொடவே மாட்டார்.”