காலாவதியாகாத அனுமதி: செம்பூர் நாட்குறிப்பு

மார்ச் 17, 2023, வெள்ளி

அமெரிக்க செனட் நேற்று ஒரு பழைய கணக்கைத் தூசு தட்டி எடுத்திருக்கிறது. ஈராக் மீது போர் தொடுக்க அதிபருக்கு அனுமதி அளித்த இரண்டு தீர்மானங்களை ரத்து செய்யும் மசோதா அது. விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று 68 பேரும் வேண்டாம் என்று 27 பேரும் வாக்களித்திருக்கிறார்கள். தீர்மானங்களில் ஒன்று 2002இல் மகன் புஷ் வாங்கியது. மற்றொன்று 1991 ஜனவரியில் அப்பா புஷ் வாங்கியது.

மகனுடைய தீர்மானம் இன்னும் உயிரோடு இருப்பது தெரிந்த கதைதான். 2020 ஜனவரியில் ஈரானியத் தளபதி சுலைமானியை பாக்தாத்தில் கொன்றுவிட்டு, டிரம்ப் அரசு அதையும் சட்ட ஆதாரங்களில் ஒன்றாகக் காட்டியது. சதாமுக்காக எழுதிய காகிதம், சதாமின் பரம எதிரி நாட்டுத் தளபதிக்கு! ஆனால் அப்பாவுடைய தீர்மானமும் சட்டப் புத்தகத்தில் அப்படியே கிடக்கிறது என்பதை இன்றைக்குத்தான் படித்தேன். குவைத்திலிருந்து ஈராக்கியப் படையை விரட்டுவதற்கென்று கொடுத்த அனுமதி. அந்தப் படை 1991 பிப்ரவரி முடிவதற்குள் போய்விட்டது. சதாமைத் தூக்கிலிட்டே பதினாறு வருடங்கள் ஆகின்றன.

எனக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல. ஈராக்கியப் படை உள்ளே நுழைந்த 1990 ஆகஸ்ட் 2 அன்று காலை நான் குவைத்தில், சால்மியாவில் இருந்தேன். ஒரு கட்டட ஒப்பந்த நிறுவனத்தில் கணக்கர் வேலை. மனைவியும் மகளும் கோடை விடுமுறைக்குச் செம்பூர் வந்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

மார்ச் 18, சனி

கீழ் வீட்டு மாமாவுடன் சேடா நகர் முருகன் கோயில் வரை நடந்து போய்வந்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டிவிட்டார், ஆனால் தர்க்கத்தில் இன்னும் இளைஞர். செனட் செய்தியைச் சொன்னதுதான் தாமதம், போகும் வழி முழுவதும் 1991தான்.

அன்றைய விவாதம் ஒப்புக்கு நடந்ததில்லை. ஐ.நா. பாதுகாப்பு சபை தன் 678ஆவது தீர்மானத்தில், ஈராக் வெளியேற ஜனவரி 15 என்று கெடு வைத்திருந்தது. ஜனவரி 9 அன்று ஜெனீவாவில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பேக்கரும் ஈராக்கிய வெளியுறவு அமைச்சர் தாரிக் அஜீஸும் மணிக்கணக்காகப் பேசியும் ஒன்றும் தேறவில்லை. அதன் பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் உட்கார்ந்து பேசின. செனட்டின் ராணுவக் குழுத் தலைவர் சாம் நன், பொருளாதாரத் தடைக்கு இன்னும் அவகாசம் கொடுங்கள் என்றார். காத்திருந்தால் கூட்டணி கலைந்துவிடும், மீட்பதற்குக் குவைத்தே மிஞ்சாது என்றது எதிர்த் தரப்பு. 12ஆம் தேதி வாக்கெடுப்பு. கீழவையில் 250க்கு 183. செனட்டில் 52க்கு 47. மூன்று பேர் மனம் மாறியிருந்தால் அனுமதி கிடைத்திருக்காது.

மாமா நன் கட்சி. "தடை போட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பட்டினி போட்டால் பணியாதவன் உண்டா? ஒரு வருடம் பொறுத்திருக்கலாம்."

"அந்த ஒரு வருடத்தை நீங்கள் குவைத்தில் கழித்துப் பாருங்கள் மாமா. ஒரு நாட்டை இரவோடு இரவாக விழுங்கி, பத்தொன்பதாவது மாகாணம் என்று பெயரும் வைத்தாயிற்று. அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?"

"உன் வேலை உனக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக பாக்தாத்தில் எவனோ சாக வேண்டுமா?"

கோயில் வாசல் வந்துவிட்டதால் தப்பித்தேன். திரும்பி வரும்போது அவரே விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். சங்க காலத்து அரசர்கள் மாட்டைக் கவர்ந்துதான் போரைத் தொடங்கினார்கள், மாட்டுக்காகத்தான் சண்டை என்று வெட்கப்படாமல் சொன்னார்கள், எண்ணெய்க்காக என்று சொல்ல இவர்களுக்கு மட்டும் ஏன் நா கூசுகிறது என்றார். எண்ணெய் ஒரு காரணம்தான். ஆனால் அது இருப்பதாலேயே மற்ற காரணம் பொய்யாகிவிடாது என்பது என் கட்சி.

மார்ச் 20, திங்கள்

ஈராக் படையெடுப்பின் இருபதாவது ஆண்டு. எல்லோரும் எழுதுகிறார்கள், நான் கூட்டுவதற்கு அதிகமில்லை. பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்றார்கள், இல்லை. அவ்வளவுதான். ராபின் குக் அமைச்சர் பதவியிலிருந்து விலகியபின் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதை மட்டும் மறுபடி படித்தேன். வழக்கமான பொருளில் பேரழிவு ஆயுதம் எதுவும் ஈராக்கிடம் இருக்க வாய்ப்பில்லை என்று, குண்டு விழுவதற்கு முன்பே, தன் பெயரில், அவைக் குறிப்பில் ஏறும்படி சொன்ன மனிதர். மறுநாள் 412க்கு 149 என்று போர் வென்றது.

மார்ச் 21, செவ்வாய்

காலையிலேயே பருவம் தப்பிய மழை. வெளியே போக வழியில்லை. நயிரா விஷயத்தை எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

1990 அக்டோபர் 10. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் நடத்திய மனித உரிமைக் குழுவின் முன் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வந்து அழுதாள். பெயர் நயிரா என்று மட்டும் சொன்னார்கள். குடும்பத்தின் பாதுகாப்புக்காக முழுப் பெயரை மறைக்கிறோம் என்றார்கள். குவைத்து மருத்துவமனையில் தான் தொண்டு செய்துகொண்டிருந்தபோது ஈராக்கியச் சிப்பாய்கள் நுழைந்து, இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகப் போட்டார்கள் என்றாள். அப்பா புஷ் அதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். டிசம்பரில் மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டியே 312 குழந்தைகள் என்று எண்ணிக்கை கொடுத்தது. ஜனவரி விவாதத்தில் ஏழு செனட்டர்கள் இதை எடுத்துப் பேசினார்கள்.

52க்கு 47. ஏழு பேர்.

போர் முடிந்து 1991 ஏப்ரலில் ஆம்னெஸ்டி தன் கணக்கைத் திரும்பப் பெற்றது. 1992 ஜனவரியில் ஒரு பத்திரிகையாளர் பூட்டை உடைத்தார்: அந்தப் பெண் அமெரிக்காவில் இருந்த குவைத்துத் தூதரின் மகள். அவளைப் பேசவைக்க ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். பணம், குவைத்து அரசின் ஆதரவுடன் நடந்த ஓர் அமைப்பிலிருந்து வந்தது. மருத்துவமனைகளுக்குப் போய் விசாரித்தவர்கள் கண்டது வேறு. ஊழியர்கள் நாட்டைவிட்டு ஓடிப்போனதால் கவனிப்பாரின்றிக் குழந்தைகள் இறந்தன. சிப்பாய்கள் கூட்டமாகத் தூக்கி எறிந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

எனக்கு வயிறு எரிவது இங்கேதான். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாகர்கோவில்காரச் செவிலியர் ஒருவர் இருந்தார். குழந்தைகள் வார்டில் வேலை. ஆகஸ்ட் கடைசியில் பாஸ்ரா போகும் பஸ்ஸில் எங்களோடு ஏறினார். பெட்டியை மேலே ஏற்றித் தரும்போது, "வார்டில் இரவுக்கு ஆளே இல்லை அண்ணா, நானும் வந்துவிட்டேன்" என்றார். அதன் பிறகு பாக்தாத் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ரொட்டிக்குக் கூட்டுறவுக் கடை வாசலில் விடியற்காலை நாலு மணிக்கு வரிசை, ஈராக்கிய தினாரும் குவைத்து தினாரும் ஒரே மதிப்பு என்று ஒரு ஆணை போட்டுச் சேமிப்பையெல்லாம் காகிதமாக்கியது, பிடித்துப்போன பிள்ளையைத் தேடிக் காவல் நிலையம் காவல் நிலையமாக அலைந்த குவைத்துத் தாய்மார்கள் என்று நடந்தவையே வண்டி வண்டியாக இருந்தன. அவற்றைச் சொல்லியே வாக்குக் கேட்டிருக்கலாம். நியாயம் இருந்த வழக்குக்கு எதற்குப் பொய்ச் சாட்சி? பொய்ச் சாட்சி பிடிபட்டதும் உண்மைச் சாட்சிகளையும் யாரும் நம்புவதில்லை. மாமாவிடம் நான் இன்றுவரை தோற்பது இந்த ஒரு இடத்தில்தான். "குவைத்து" என்று வாயைத் திறந்தால் "இன்குபேட்டர்" என்று அடைத்துவிடுகிறார்.

மார்ச் 22, புதன்

குடி பட்வா. பக்கத்து வீட்டு மராத்தியக் குடும்பம் ஸ்ரீகண்ட் கொடுத்தனுப்பியது. போர் பற்றி இன்று ஒன்றும் இல்லை.

மார்ச் 23, வியாழன்

செப்டம்பர் 11க்குப் பிறகு கொடுத்த 2001 அனுமதியையும் சேர்த்தே ரத்து செய்யுங்கள் என்று செனட்டர் ராண்ட் பால் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 9, எதிர்ப்பு 86. பல நாடுகளில் குண்டு போட இன்றும் பயன்படுவது அந்த அனுமதிதான். பயன்படாத துப்பாக்கியை ஒப்படைக்க எல்லோருக்கும் சம்மதம், தோட்டா இருக்கும் துப்பாக்கி மட்டும் பீரோவிலேயே இருக்கட்டும்.

மார்ச் 25, சனி

இங்கே பத்திரிகைகள் முழுக்க ராகுல் காந்தியின் பதவியிழப்பு. உள்பக்கத்தில் ஒரு செய்தி: நேற்று மக்களவையில் நிதி மசோதா கூச்சலுக்கு நடுவே விவாதமே இல்லாமல் நிறைவேறியது. பட்ஜெட்டுக்கே இந்த கதி என்றால் போருக்கு?

நம் அரசியல் சட்டத்தில் போரும் அமைதியும் மத்தியப் பட்டியலில் 15ஆவது இனம். போருக்கு முன் நாடாளுமன்றம் வாக்களிக்க வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. 1962 நவம்பரில் நேரு அவையைக் கூட்டினார், உறுப்பினர்கள் நாள்கணக்கில் பேசினார்கள், ஆனால் சீனர்கள் அதற்கு முன்பே உள்ளே வந்திருந்தார்கள். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஒப்பந்தம், மறுநாள் நம் படை யாழ்ப்பாணத்தில். ஏறத்தாழ 1,200 சிப்பாய்கள் திரும்பவில்லை. அங்கே இறந்த தமிழர்கள் எத்தனை பேர் என்று வீட்டுக்கு வீடு வேறு கணக்கு. யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்று புரட்டிப் பார்க்க நம்மிடம் ஒரு பட்டியல் உண்டா?

1990லும் அப்படித்தான். ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சர் குஜ்ரால் பாக்தாத் போய் சதாமைக் கட்டித் தழுவினார். படம் உலகம் முழுவதும் வந்தது. கேட்டால், குவைத்தில் மாட்டிக்கொண்ட இந்தியர்களைப் பத்திரமாக மீட்க வேண்டும் என்றார்கள். அதாவது காரணம் நாங்கள். ஏர் இந்தியா அம்மானிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அழைத்துவந்தது, அதில் நானும் ஒருவன், ஆகவே தழுவலைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அடுத்த ஜனவரியில் சந்திரசேகர் அரசு, வளைகுடாவுக்குப் போகும் அமெரிக்க ராணுவ விமானங்கள் நம் மும்பையில், இதே சஹார் விமான நிலையத்தில், எரிபொருள் நிரப்ப அனுமதித்தது. சென்னையிலும் ஆக்ராவிலும்கூட. அது பத்திரிகைகளில் வெளியானதும் வெளியிலிருந்து ஆதரவளித்த ராஜீவ் எதிர்த்தார், பிப்ரவரியில் நிறுத்தினார்கள். அந்நியச் செலாவணி தீர்ந்து, ஐ.எம்.எஃப். கடன் வாங்கிய அதே ஜனவரி என்று மாமா கண்ணைச் சிமிட்டுகிறார். தொடர்பு உண்டா என்று அன்று அவையில் ஒரு நாள் முழுக்கக் கேட்டிருந்தால் இன்று அவர் கண்ணைச் சிமிட்ட வேண்டியதில்லை.

ஐந்து மாத இடைவெளியில் சதாமுக்குத் தழுவல், அமெரிக்காவுக்கு எரிபொருள். இரண்டுக்குமே நியாயம் இருந்திருக்கலாம். எதையும் யாரும் அவையில் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் என் புகார்.

மார்ச் 27, திங்கள்

மகள் புனேயிலிருந்து பேசினாள். "அப்பா, இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது?" அவளுக்குத் தெரியும், தெரிந்தே கேட்டாள்.

ஜெனீவாவில் ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் என்று ஒன்று இருந்தது. குவைத்தைவிட்டு ஓடிவந்த தனிநபருக்கு 2,500 டாலர், வேறு எந்த வகையிலும் கேட்க மாட்டேன் என்று எழுதிக்கொடுத்தால் 4,000. நான் எழுதிக்கொடுத்தேன். பணம் ஈராக்கின் எண்ணெய் விற்பனையிலிருந்து எடுத்தது. தடையால் அங்கே மருந்து கிடைக்காமல் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த அதே வருடங்கள். மொத்தம் 52.4 பில்லியன் டாலர், கடைசித் தவணையைப் போன வருடம் ஜனவரியில்தான் கட்டி முடித்தார்கள். சதாமின் கடனை அவருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் கட்டினார்கள்.

"திருப்பிக் கொடுத்திருக்க வேண்டுமா?" என்று கேட்டேன். "அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் போரை நியாயம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்" என்றாள். அதனால்தான் இந்தப் பதிவு. சொல்லிவிட்டேன். இப்போதும் 1991 போர் நியாயம் என்றே சொல்கிறேன்.

மார்ச் 30, வியாழன்

ஸ்ரீராம நவமி. பானகமும் நீர்மோரும் குடித்துவிட்டு வந்து செய்தியைப் பார்த்தால், செனட்டில் ரத்து நிறைவேறியிருக்கிறது: 66க்கு 30. போன வாரம் சிரியாவில் டிரோன் தாக்குதலில் ஓர் அமெரிக்க ஒப்பந்த ஊழியர் இறந்ததைக் காட்டி, இது நேரமல்ல என்று சிலர் தடுத்துப் பார்த்தார்கள். இனி கீழவை. அங்கே இதை எடுப்பார்களா என்பதற்கு மாமா பத்து ரூபாய்கூடப் பந்தயம் கட்டத் தயாரில்லை.

பெயர்ப் பட்டியலை இறக்கி, 1991 பட்டியலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அன்று எதிர்த்து வாக்களித்த செனட்டர் ஜோ பைடன் 2002இல் ஆதரித்தார், இன்று இந்த ரத்தில் கையெழுத்திடத் தயார் என்கிறார். 1991இலும் இன்றும் செனட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர்தான். மிட்ச் மெக்கானல் அன்று ஆதரித்தார். இன்று கீழே விழுந்து அடிபட்டு ஓய்வில் இருக்கிறார், ரத்து வேண்டாம் என்று வீட்டிலிருந்து அறிக்கை விட்டிருக்கிறார். இன்னொருவர் சக் கிராஸ்லி, அயோவாக்காரர், இப்போது 89 வயது. 1991இல் தன் கட்சி அதிபர் கேட்ட போரை எதிர்த்த குடியரசுக் கட்சி செனட்டர்கள் இருவரில் ஒருவர். 2002இல் அவரும் ஆதரித்தார் என்பது வேறு கதை. நேற்று ரத்துக்கு ஆதரவாக வாக்களித்திருக்கிறார்.

பட்டியலை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 47 பேரையும் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். பிறகு 52க்கு வந்தார். "இதில் அந்த ஏழு பேர் யார் யார்?" என்று கேட்டார். நாளைக்குத் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.