திரையைப் பார்க்காதே: இணையவழியில் சீன, மங்கோலிய மல்யுத்தம் கற்ற அனுபவம்

இணையவழியில் மல்யுத்தம் கற்க முடியுமா என்று கேட்டால், பாதி முடியும் என்பேன். எந்தப் பாதி என்பது பிடிபடத்தான் எனக்கு எட்டு மாதம் ஆனது. ஒன்றரை வருடமாக வாரத்தில் இரண்டு நாள் சீனாவின் ஷுவாய் ஜியாவ், ஒரு நாள் மங்கோலியாவின் போக் என்று படித்து வருகிறேன். வாத்தியார்கள் இருவருக்கும் மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர்களுக்கு இரவு எட்டு என்றால் நமக்கு மாலை ஐந்தரை. மொட்டைமாடியில் வெளிச்சம் இருக்கும்போதே வகுப்பு முடிந்துவிடும்.

முதலில் நான் பணம் கட்டியது, பதிவு செய்த வீடியோக்களை மட்டும் தரும் ஒரு வகுப்புக்கு. மூன்று மாதம் பார்த்துப் பார்த்துச் செய்தேன், திருத்த ஆள் இல்லை. அந்த மூன்று மாதத்தில் உடம்பில் ஏறிய தப்புகளை இறக்க இன்னும் ஆறு மாதம் போனது. அதனால் கேமராவில் உங்களைப் பார்த்து, "நிறுத்து, மறுபடி செய்" என்று சொல்கிற நேரடி வகுப்பாகத் தேடுங்கள். ஆள் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டுமே நின்றபடி ஆடுகிற, சட்டையைப் பிடித்து வீழ்த்துகிற மல்யுத்தம். தரையில் புரண்டு அமுக்குகிற வேலை இல்லை. ஷுவாய் ஜியாவில் பாதம் தவிர உடம்பின் எந்தப் பகுதி தரையில் பட்டாலும் புள்ளி போய்விடும். மங்கோலியாவின் ஹல்ஹா முறையில் உள்ளங்கை ஊன்றலாம்; முழங்காலோ முழங்கையோ முதுகோ பட்டால் ஆட்டம் முடிந்தது. எடைப் பிரிவும் கிடையாது, சுற்றி வட்டக் கோடும் கிடையாது. சீனாவின் உள் மங்கோலியாவில் ஆடும் முறையில் கை ஊன்றினாலும் தோல்விதான். கையால் காலைப் பிடிக்கவும் கூடாது, ஹல்ஹாவில் அது உண்டு. இதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஷுவாய் ஜியாவிலும் பெய்ஜிங், தியான்ஜின், பாவோதிங் என்று பாணிகள் பிரிந்திருக்கின்றன. பாவோதிங் பாணி வேகத்துக்குப் பேர்போனது. வாத்தியார் எதைக் கற்றவர் என்று தெரியாவிட்டால், இரண்டு வாத்தியார் சொல்வதும் முரணாகத் தோன்றிக் குழம்பிப்போவோம்.

இனி நான் கற்ற முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஷுவாய் ஜியாவின் அடிப்படை நடைகளில் ஒன்று பெய்பூ, அதாவது முதுகு காட்டும் நடை. வலக்காலை எதிராளியின் பாதத்துக்கு முன்னால் வைத்து, இடக்காலை அதன் பின்னால் கொண்டுவந்து, முன்பாதத்தில் சுழன்று அவருக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். முழங்கால்கள் மடிந்திருக்கவேண்டும். மாடித் தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்து, ஒரு நாளைக்கு நூறு தடவை போட்டேன். கால் சரியாகவே விழுந்தது. ஆனால் சுழற்சியில் விசையே இல்லை. வாத்தியார் நாலைந்து வகுப்புகள் காலையே திருத்திக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு நாள் பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ என்னையே பார்க்கிறாய்."

அதுதான் கோளாறு. "சாங் யாவ், பியன் லியன்" என்று சீன மல்லர்கள் சொல்வார்கள். இடுப்பை நீட்டு, முகத்தை மாற்று என்று பொருள். எறியும் கணத்தில் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் தோள் போகும், தோளின் பின்னால் இடுப்பு போகும், அதோடு எதிராளியும் போவார். நானோ சரியாகச் செய்கிறேனா என்று பார்க்க, ஒவ்வொரு சுழற்சியிலும் கண்ணைக் கைப்பேசியிலேயே வைத்திருந்தேன். உடம்பு ஒரு பக்கம் போக, கழுத்து வர மறுத்தது. நேரில் கற்பவருக்கு இந்தச் சிக்கலே வராது, அவருக்குப் பார்ப்பதற்குத் திரை இல்லை.

அன்றிலிருந்து கைப்பேசியை எனக்குப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், பாதமும் தலையும் தெரிகிறபடி வைத்தேன். காதில் அவர் குரல் மட்டும். முதலில் அவர் செய்து காட்டுவதை நின்று முழுதாகப் பார்ப்பேன், பிறகு திரைப்பக்கமே திரும்பாமல் செய்வேன். பதிவை இரவில் மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொள்வேன். முகம் திரும்பும் இடத்தில் மாடிச்சுவரில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு தடவையும் கண் அந்தக் கோட்டில் போய் நிற்கும்படி பழகினேன். மூன்றே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. இந்த ஒன்றை யாராவது முதல் வாரமே எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சரி, ஆள் இல்லாமல் எதுவரை போகலாம்? நடைகள், காலால் வாருவது, இடுப்பைத் திருப்புவது, இவ்வளவுதான். தூணில் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி இழுத்தால் இழுவிசை பழகும். ஆனால் டியூப் எதிர்த்து இழுக்காது, காலை மாற்றி வைக்காது. எதிராளியின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதைக் கைதான் சட்டை வழியாக உணரவேண்டும், அதைக் கற்றுத்தர இன்னோர் உடம்பு வேண்டும். எனக்கு என் சித்தப்பா மகன் வாய்த்தான். ஜூடோ தெரிந்தவன், விழத் தெரிந்தவன். விழத் தெரியாத ஆளோடு எறிந்து பழகவே பழகாதீர்கள். விழுவதை உள்ளூரில் ஜூடோ வகுப்பு எங்காவது இருந்தால் அங்கே போய், மெத்தையில், வாத்தியார் பக்கத்தில் இருக்கும்போது கற்றுக்கொள்ளுங்கள். திரையைப் பார்த்து விழக் கற்றால் மணிக்கட்டுதான் முதலில் உடையும்.

சட்டைக்கும் கொஞ்சம் செலவு செய்யுங்கள். ஷுவாய் ஜியாவின் தாலியன் அரைக்கைச் சட்டை; பருத்தித் துணியைப் பல அடுக்காக வைத்து நெருக்கமாகத் தைத்தது, இடுப்பில் பட்டையும் உண்டு. நாங்கள் காடாத்துணியை நான்கு மடிப்பாகக் கொடுத்து தையற்காரரிடம் தைத்துக்கொண்டோம். சாதாரணச் சட்டையில் பழகினால் இரண்டாவது இழுப்பிலேயே தையல் விட்டுவிடும்.

மங்கோலியரின் ஜோதோக் வேறு மாதிரி. மார்பு திறந்தே இருக்கும், கையும் முதுகும் மட்டும்தான் சட்டை, கீழே ஷூதக் என்ற குட்டைக் கால்சட்டை. பிடிக்க இடம் குறைவு, பிடித்தால் நெருங்கித்தான் ஆகவேண்டும். அதனால் போக்கைத் திரையில் கற்பது இன்னும் கடினம். ஆனாலும் அந்த வகுப்பை விடமாட்டேன். ஆட்டத்துக்கு முன்னும் வென்ற பின்னும் கைகளைச் சிறகாக விரித்து ஆடும் நடனத்தைப் போக் வாத்தியார் முதல் மாதம் முழுக்கச் செய்யவைத்தார். தோளும் இடுப்பும் அதில்தான் எனக்குத் திறந்தன. மங்கோலியாவில் ஜூலையில் நடக்கும் நாதாம் விழாவில் வழக்கமாக 512 பேர் இறங்கி, ஒன்பது சுற்றுகளில் ஒருவர் மிஞ்சுவார். ஐந்து சுற்று வென்றவருக்கு வல்லூறு, ஏழுக்கு யானை, ஒன்பதும் வென்றவருக்குச் சிங்கம் என்று பட்டம். இடையில் கருடனும் உண்டு. பௌத்தத்தோடு அங்கே போய்ச் சேர்ந்த, நமக்கும் பழகிய அதே பெயர்.

எதில் தொடங்குவது என்றால், ஷுவாய் ஜியாவில் தொடங்குங்கள். தனியாகச் செய்யும் பயிற்சிகள் அதில் ஏராளம். கூட ஆட ஓர் ஆள் கிடைத்து, ஆறு மாதம் நடை பழகிய பிறகு போக்குக்குப் போகலாம். தோற்றவர் வென்றவரின் கைக்கு அடியில் குனிந்து போவது அங்கே மரபு. நாங்களும் ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் அதைச் செய்கிறோம். போன சனிக்கிழமை நான் ஏழு தடவை குனிந்தேன், தம்பி நாலு தடவை.